என் சின்னம்மா பேரு கலா

எங்க சின்னம்மா பேரு கலா. தமிழ்நாட்டுல தெருவுக்கு நாலு கலா இருப்பாங்க, கலாவதி, கலாராணி, சசிகலா, சந்திரகலான்னு, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத பேரு. ஆனா அவங்க பொறந்தது ரங்கூன்ல, 1963-ல. இங்க பர்மாக்காரங்க எங்கள மாதிரி ஆளுங்கள, தமிழனோ தெலுங்கனோ வங்காளியோ இந்துவோ முஸ்லிமோ, மொத்தமா சேத்து கூப்பிடுற வார்த்தை என்னன்னா, கலா. ஆம்பளைன்னா கலா, பொம்பளைன்னா கலாமா. தாத்தா எந்த நெனப்புல அந்த பேர வெச்சாருன்னு ஆயாகிட்ட கேட்டா "அவருக்கு புடிச்சுது, வெச்சாரு, இப்ப அதுக்கு என்ன"ன்னு ஒரே வரில முடிச்சிரும்.

ஸ்கூல்ல சேக்க கூட்டிட்டு போன அன்னைக்கு நடந்தத சின்னம்மா ஒரு நூறு தடவையாவது சொல்லிருப்பாங்க. டீச்சரம்மா ரெஜிஸ்டர தொறந்து வெச்சிட்டு பர்மீஸ்ல பேரு என்னன்னு கேட்டிருக்காங்க. இவங்க "கலா"ன்னாங்க. "அது பாத்தாலே தெரியுது, பேரு என்ன?" மறுபடியும் "கலா". கிளாஸ் முழுக்க சிரிப்பு. தாத்தா வெளிய கைய கட்டிட்டு நிக்கிறாரு, அவருக்கும் ஒன்னும் சொல்ல தெரியல. கடைசில அந்த டீச்சரே, கெட்டவங்க இல்ல அவங்க, பாவப்பட்டுதான் செஞ்சாங்க, ரெஜிஸ்டர்ல மா ஹ்லான்னு எழுதிட்டாங்க. மான்னா பொண்ணுங்க பேருக்கு முன்னாடி போடறது, வயசானா அது டோன்னு ஆகும், ஹ்லான்னா அழகுன்னு அர்த்தம். அன்னைல இருந்து வீட்ல கலா, வெளிய மா ஹ்லா. இத சொல்லும்போது சின்னம்மா ஒரு தடவை கூட அழுது நான் பாத்ததில்ல, எப்பவும் சிரிச்சிட்டேதான் சொல்வாங்க, அதுவும் அந்த "அது பாத்தாலே தெரியுது"ங்கற எடத்துல டீச்சர் குரல்லயே சொல்லுவாங்க.

இங்க எங்கள்ல நெறைய பேருக்கு ரெண்டு பேரு உண்டு, கோவில் பேரு ஒன்னு, ஸ்கூல் பேரு ஒன்னு. எனக்கும் உண்டு. ஆனா பேருலயே அந்த வார்த்தைய தூக்கிட்டு சுத்துனவங்க எனக்கு தெரிஞ்சு அவங்க ஒருத்தர்தான்.

இத இப்ப ஏன் எழுதுறேன்னா, 2020-ல அமெரிக்காவுல கருப்பின மக்கள் போராட்டம் நடந்தப்ப இங்கயும் ஃபேஸ்புக்ல என்னை கலான்னு கூப்பிடாதேன்னு ஒரு பிரச்சாரம் ஓடுச்சு, பசங்க கைல அட்டைய புடிச்சிட்டு போட்டோ போட்டாங்க. நானும் ஷேர் பண்ணேன். கீழ ஒரு பர்மா ஃபிரெண்டு, நல்ல பொண்ணு, ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவ, எழுதுறா: அதுல என்ன தப்பு, நாற்காலிக்கே பர்மீஸ்ல கலா-தைங்தான், ஒட்டகத்துக்கு கலா-ஓ, கடலப்பருப்புக்கு கலாப்பே, திரைச்சீலைக்கு கலா-கா, கடல் தாண்டி வந்த எல்லாத்துக்கும் அதானே பேருன்னு. அவ சொன்ன வார்த்தை எல்லாம் நெசந்தான். நல்ல குலத்துல பொறந்தவன்னு பாலில இருந்து வந்ததுன்னு கூட சிலர் சொல்றாங்க. இருக்கட்டும். ஆனா நாற்காலிய யாரும் பஸ்ஸுல இருந்து எறங்கு எறங்குன்னு சொன்னதில்லயே, ஒட்டகத்துக்கிட்ட உங்க ஊருக்கு எப்ப போவன்னு கேட்டதில்லயே. அவளுக்கு பதில் எழுத ஒக்காந்தேன், முடியல, அன்னைக்கு எழுதாததத்தான் இப்ப எழுதுறேன். ஆனா எழுத எழுத அவ பக்கம் போகாம என் வீட்டு பக்கமே வந்துருச்சு.

எங்க வீட்ல எல்லாருக்கும் பட்ட அடி ஒன்னுதான். 1964-ல ஜெனரல் நே வினோட ராணுவ அரசாங்கம் கடைங்கள எல்லாம் எடுத்துக்கிச்சு, அந்த வருஷம் மே மாசம் 50 கியாட் நோட்டும் 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னாங்க. தாத்தாவுக்கு காளி கோவில் பக்கத்து சந்துல ஒரு மளிகை கடை, பெரிய கடை எல்லாம் இல்ல, அரிசி பருப்பு கருவாடு. ஒரு நாள் ஆளுங்க வந்து சரக்க எண்ணி எழுதி, போர்ட கழட்டிட்டு மக்கள் கடை நம்பர் இன்னதுன்னு மாட்டிட்டு போய்ட்டாங்க. தாத்தா மறுநாள் காலைல பழக்கத்துல சாவிய எடுத்துட்டு போய் நின்னாராம். ஒரு மூணு லட்சம் பேரு அந்த வருஷங்கள்ல கப்பலேறி போனாங்க. பெரிய மாமாவும் பொண்டாட்டி புள்ளைங்களோட மெட்ராஸுக்கு கப்பலேறுனாரு. துறைமுகத்துல பெட்டிய கொட்டி சோதிச்சாங்க, அத்தை கழுத்துல தாலிய மட்டும் விட்டுடுங்கன்னு கெஞ்சி பாத்தாங்க, மஞ்ச கயிறோடதான் போய் சேந்தாங்க.

மாமா அதுக்கப்புறம் செத்த வரைக்கும் பர்மாக்காரன் எவனையும் நம்பாதன்னே சொல்லிட்டு இருந்தாரு. அம்மா வேற மாதிரி, மழை வெயில் மாதிரி இதுவும்னு எடுத்துக்கிச்சு, நம்ம கோவிலுக்கும் போகும், பகோடாங்கற புத்தர் கோவிலுக்கும் போகும், எனக்கு ஸ்கூலுக்கு அனுப்புறப்ப தனக்காவ, இங்க எல்லாரும் மூஞ்சில பூசற மரப்பட்டை சாந்து அது, மத்த புள்ளைங்களுக்கு பூசுறத விட ரெண்டு மடங்கு தடிமனா பூசி விடும், வேர்வைல ஒழுகி சட்டை காலரெல்லாம் மஞ்சளா இருக்கும். ஆயா, வாய தொறக்காத, தலைய நிமிராத, நம்மள மறந்துடுவாங்கன்னு சொல்லும். ஒரே வீடு, ஒரே வருஷம், ஒரே அடி. உலகம் எப்படின்னு மூணு பேரும் மூணு கணக்கு வெச்சிருந்தாங்க, அதுல எதுவும் இன்னொன்னோட ஒத்துப்போகாது.

என் கணக்கு எப்ப ஆரம்பிச்சுதுன்னா குடியுரிமை கார்டு எடுக்க போனப்ப. எந்த ஊரு எந்த ஆபீஸுன்னு வேணாம். ரெண்டு வரிசை இருந்துச்சு, ஒன்னு சாதாரண வரிசை, இன்னொன்னு துவே-ஹ்னோ வரிசை, அதாவது கலப்பு ரத்தம். நான் ரெண்டாவதுல. எங்க வீட்ல எந்த கலப்பும் இல்ல, அதுக்காக ஆயா பெருமப்பட்டுக்கிட்ட அளவு சொல்ல முடியாது, ஆனா வரிசை அதான். 1982 சட்டத்துல 1823-க்கு முன்னாடி இந்த மண்ணுல இருந்த இனம்னாதான் மண்ணோட இனம், அப்புறம் அரசாங்கம் மொத்தம் 135 இனத்த வெச்சு ஒரு பட்டியல் போட்டுச்சு, அதுல நாங்க கெடையாது. ஏன் 1823ன்னா 1824-லதான் வெள்ளைக்காரன் மொத சண்டை போட்டு உள்ள வந்தான், அவன் கப்பல்ல வந்ததெல்லாம் அவன் மூட்டைங்கற கணக்கு. மத்தவங்களுக்கு கலரு மாறும், முழு குடிமகனுக்கு ரோஸ் கார்டு, இணை குடிமகனுக்கு நீலம், குடியுரிமை வாங்குனவனுக்கு பச்சை. நம்பர்லயும் அடைப்புக்குறிக்குள்ள ஒரு எழுத்து இருக்கும், முழு குடிமகனுக்கான நைங் இருந்தா நிம்மதி, வேற எழுத்து இருந்தா எங்க போனாலும் ரெண்டு கேள்வி ஜாஸ்தி. மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் லூமியோ என்னன்னாரு, இனம். நான் வயசு திமிருல "பர்மாவுல பொறந்தேன், அப்பா தாட்டோன்ல பொறந்தாரு, தாத்தா பெகுல பொறந்தாரு"ன்னேன். அவரு பேனாவ கீழ கூட வெக்கல. "எங்க பொறந்தன்னு கேக்கல, என்னவா பொறந்தன்னு கேட்டேன்"னாரு.

இந்தியா, இந்துன்னு எழுதி குடுத்தாங்க. அந்த இந்தியாவ நான் மொத தடவ பாத்தது 32 வயசுல, டூரிஸ்ட் விசாவுல. சென்னை ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்காரங்க வரிசைல நிக்க சொன்னாங்க, அங்கயும் ரெண்டாவது வரிசை.

கார்டு குடுக்கற அந்த குடிவரவு துறைக்கு ஒரு வாசகம் உண்டு, நாட்டுக்கே தெரியும், நிலம் விழுங்கி ஒரு இனம் அழியாது, இன்னொரு இனம் விழுங்குனாத்தான் அழியும்னு. அத படிச்சப்ப எனக்கு கோவம் வரல முதல்ல, சிரிப்புதான் வந்துச்சு, நாங்க எங்க விழுங்குறது, சின்னம்மா இடியாப்பம் வித்து மாச வாடகை குடுக்கவே முட்டிட்டு இருந்தாங்க. ஆனா அப்புறம் கொஞ்சம் பழசெல்லாம் படிச்சேன், படிச்சதுல எனக்கு வசதி இல்லாத விஷயமும் நெறைய இருந்துச்சு. 1931 கணக்கெடுப்புல ரங்கூன்ல பாதிக்கு மேல, 100-க்கு 53 பேரு, இந்தியாக்காரங்க. பர்மாக்காரன் அவன் நாட்டு தலைநகர்லயே சிறுபான்மை. அந்த நேரத்துல உலகம் முழுக்க நெல்லு விலை விழுந்துச்சு, கடன் வாங்குன விவசாயி கட்ட முடியல, செட்டியார் வட்டிக்கடைங்க கைக்கு நிலம் வந்துச்சு, கீழ் பர்மாவோட 13 நெல் ஜில்லாவுல 1930-ல 6 சதவீதமா இருந்த அவங்க நிலம் 1937-ல 25 சதவீதம். செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவங்க இல்ல, அவங்களுக்கு வேண்டியது வட்டி, நிலம் தலைல வந்து விழுந்துச்சுன்னு சொல்வாங்க, அதுவும் உண்மைதான். ஆனா வயல பறிகுடுத்துட்டு அதே வயல்ல குத்தகைக்கு நாத்து நட்ட மனுசனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அவனுக்கு தெரிஞ்சது பத்திரத்துல கையெழுத்து வாங்குன ஒரு கலா. அவன் பட்டது பொய்யில்ல. அந்த ஒரு கலாவ வெச்சு அவன் போட்ட கணக்குதான் தப்பு, அந்த கணக்குல துறைமுகத்துல மூட்டை தூக்கிட்டு ஒரு ரூம்ல பத்து பேரு முறை வெச்சு படுத்தவனும் சேந்துட்டான்.

1930 மே மாசம் அடி விழுந்தது செட்டியாருக்கு இல்ல, அந்த மூட்டை தூக்குனவனுக்குத்தான். தெலுங்கு கூலிங்க சம்பளம் கேட்டு வேலை நிறுத்தம் பண்ணாங்க, கம்பெனிங்க பர்மா ஆளுங்கள வேலைக்கு எடுத்துச்சு, அப்புறம் தெலுங்குக்காரங்ககிட்ட சமாதானம் பேசி பர்மாக்காரன வீட்டுக்கு போன்னுடுச்சு. மறுநாள் காலைல ரெண்டு பக்கமும் பசியோட எதிர் எதிர்ல நின்னாங்க. நூத்துக்கு மேல செத்தாங்க. கம்பெனிக்காரன் மேல ஒரு கீறல் இல்ல.

தெலுங்குக்காரங்கன்னு இங்க மரியாதையா எழுதுறேன், எங்க ஆயா வீட்ல அவங்களுக்கு பேரு கோரங்கி. கோரங்கின்னு ஆந்திரால ஒரு துறைமுகம், அங்கேருந்து கப்பலேறுனதால வந்த பேரு, ஆனா ஆயா வாயில அது ஊரு பேரு மாதிரி வராது. தண்ணி கொண்டு வந்து ஊத்துற கோரங்கி பாட்டிக்கு பின்வாசல்ல ஒரு தனி தம்ளர், ஈயம் போன பித்தள தம்ளர், கழுவி கவுத்து வெச்சிருக்கும். நான் சின்ன புள்ளைல அதுல தண்ணி குடிச்சிட்டேன்னு ஆயா போட்ட கத்து தெரு முழுக்க கேட்டுச்சு. வாய தொறக்காத, தலைய நிமிராதன்னு சொன்ன அதே ஆயாதான்.

சென்னைல மாமா பையன் வீட்ல பத்து நாள் இருந்தேன். மாமா அங்க போய் எறங்கி பீச் லைன் பக்கம் தள்ளுவண்டில அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், போட்டு புள்ளைங்கள வளத்தாரு. பர்மாக்காரங்க பர்மாக்காரங்கன்னு அங்க ஏரியாவுல ரொம்ப நாளு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, பொண்ணு எடுக்க யோசிச்சாங்கன்னு அத்தானே சொன்னாரு. சாயங்காலம் அவரோட டீ குடிக்க போனேன். டீக்கடைல ஒரு பையன், பீகாரோ ஒடிசாவோ, கிளாஸ் கழுவிட்டு இருந்தான். அத்தான் என்கிட்ட சொல்றாரு, "எங்க பாத்தாலும் வடக்கனுங்கதான், கம்மி கூலிக்கு வந்து நம்ம பசங்க வேலைய புடுங்கிடறானுங்க, ஒரு ரூம்ல பதினஞ்சு பேரு, சுத்தம் கெடையாது, பான்பராக்க துப்புறது." நான் டீய கைல வெச்சிட்டு அவர் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். வார்த்தைக்கு வார்த்தை, எச்சி துப்புறது வரைக்கும், எங்களப் பத்தி ரங்கூன் பழைய பேப்பர்ல வந்ததேதான். "அத்தான், உங்க அப்பாவ பத்தி பேசுற மாதிரியே இருக்கு"ன்னேன். "அது வேற, நம்மள கூப்பிட்டாங்க, அதனால போனோம்"னாரு. என்ன வேறன்னு கேட்டா டீ ஆறிடும்னு கேக்கல.

அடி வாங்குனவனுக்கு அடுத்தவன் வலி தானா தெரியும்னு எனக்கு ரொம்ப நாளு ஒரு நெனப்பு இருந்துச்சு. கார்டு ஆபீஸ்ல இருந்து வெளிய வந்தப்ப நான் அப்படித்தான் நெனச்சேன், இனி நான் யாரையும் அப்படி பாக்க மாட்டேன்னு, ஏதோ அந்த அவமானம் எனக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்துட்ட மாதிரி. இப்ப அதுல எனக்கு நம்பிக்கை இல்ல. அடி வாங்குனா மொதல்ல தெரிஞ்சுக்கறது வலி எப்படி இருக்கும்னு இல்ல, அடுத்த அடி எங்க விழப்போகுது, அங்க நிக்காம எப்படி தப்பிக்கறதுன்னுதான்.

இதுக்கப்புறம் வர்றது சின்னம்மாவுக்கு தெரிஞ்சா சங்கடப்படுவாங்க, ஆனா அவங்க தமிழ் படிக்க மாட்டாங்க. 1960-கள்ல தமிழ் பள்ளிக்கூடத்த எல்லாம் மூடுனதுல பேச்சோட நின்னு போன தலைமுறை. நான் கோவில்ல நடந்த ஞாயித்துக்கிழம கிளாஸ்ல படிச்சது.

சின்னம்மா கல்யாணம் பண்ணிக்கல. தாத்தா கடை இருந்த அதே சந்துல காலைல இடியாப்பம், வடை, தேங்கா சட்னி போட்டு விப்பாங்க, ஒரு சின்ன மேஜை, நாலு முக்காலி, மேல ஒரு தார்ப்பாய். பக்கத்து வீடு பாய் வீடு. சோலியா முஸ்லிம், அதாவது எங்கள மாதிரியே தமிழ் பேசறவங்க, அவங்க தாத்தா காரைக்கால் பக்கம்னு சொல்வாங்க. பாய் சம்சாரத்த நாங்க பாபும்மான்னு கூப்பிடுவோம். 30 வருஷ பழக்கம். அந்த சந்துல எங்க குடும்பத்த தவிர சின்னம்மாவ நெஜ பேரு சொல்லி கூப்பிட்டது அவங்க மட்டும்தான், "கலாக்கா, ரெண்டு இடியாப்பம் கூட வைங்க, மருமக வந்திருக்கு"ன்னு ஜன்னல்ல இருந்தே கத்துவாங்க. தமிழ்ல கத்துறதால யாருக்கும் அது அந்த வார்த்தையா கேக்காது. நோன்பு மாசம் சாயங்காலம் கஞ்சி வரும், பொங்கலுக்கு இங்கேருந்து போகும். பாத்திரம் இங்கயும் அங்கயும் போயிட்டே இருக்கும், எது யாருதுன்னு ரெண்டு வீட்டுக்கும் கொழப்பம்.

2013 மார்ச்ல நடு பர்மாவுல இருக்கற மெய்க்திலாங்கற ஊர்ல முஸ்லிம் வீடுங்கள எரிச்சாங்க, 40 பேருக்கு மேல செத்தாங்க. அந்த நேரத்துல 969-ன்னு ஒரு ஸ்டிக்கர் பரவுச்சு, பௌத்த கடைன்னு அடையாளம், டாக்ஸில, பீடா கடைல, போன் கடைல எல்லாம் ஒட்டிருப்பாங்க, அது இருக்கற கடைலதான் வாங்கணும், இல்லாத கடைல வாங்காதன்னு அர்த்தம். நாங்க பௌத்தம் இல்ல. ஆனா வெறியோட வர்றவனுக்கு கலான்னா கலா, இவன் நெத்தில விபூதி இருக்கா தலைல தொப்பி இருக்கான்னு நின்னு பாத்துட்டா அடிப்பான்? கோவில்லயே பெரியவங்க சொன்னாங்க, நாம அவங்க இல்லன்னு காட்டிக்கணும்னு. நாலு வருஷம் கழிச்சு ரக்கைன் மாநிலத்துல இருந்து ஏழு லட்சம் ரோஹிங்யா முஸ்லிம்ங்க எல்லை தாண்டி வங்காளதேசத்துக்கு ஓடுனப்பவும் அதே பேச்சுதான், நாம வேற, அவங்க வேற.

ஒரு நாள் காலைல நான் வேலைக்கு போற வழில பாத்தேன், சின்னம்மா மேஜை மூஞ்சில, கண்ணாடி பெட்டிக்கு நடுவுல, அந்த ஸ்டிக்கர். வடைக்கு மேல. "என்ன சின்னம்மா இது"ன்னேன். "ஒரு பையன் வந்து குடுத்தான், வேணாம்னா என்ன நெனப்பான்? ஒட்டிட்டா தொல்லை இல்ல." கரண்டிய எண்ணெய்ல விட்டு கலக்கிட்டே, என்னைய பாக்காம சொன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, நான் கேக்காமயே, "நம்மளுக்கு யாரு இருக்கா"ன்னாங்க. நானும் அத கிழிக்கல. கிழிச்சிருக்கலாம், நகத்தால சுரண்டுனா வந்துரும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டேன், இன்னைக்கு வரைக்கும் நான் எனக்கு சொல்லிக்கற காரணம் அந்த பஸ்ஸுதான்.

அன்னைக்கு பாய் வீட்ல இருந்து இடியாப்பம் வாங்க யாரும் வரல. மறுநாளும் வரல. ஜன்னலும் தொறக்கல. மூணாவது நாள் நான் சின்னம்மாவோட மேஜைகிட்டதான் இருந்தேன், லீவு நாளு, பாபும்மா முக்காட்ட சரி பண்ணிட்டே வந்தாங்க, கைல எங்க வீட்டு எவர்சில்வர் தூக்கு. ரெண்டு மூணு பர்மா கஸ்டமருங்க உக்காந்திருந்தாங்க. சின்னம்மா எந்திரிச்சு நின்னாங்க, ஏதோ சொல்ல வாய தொறந்தாங்க. பாபும்மா ஸ்டிக்கர பாக்கவே இல்ல, சின்னம்மா மூஞ்சியத்தான் பாத்தாங்க. தமிழ்ல பேசல. ஆபீஸ்ல பேசற மாதிரி சுத்தமான பர்மீஸ்ல, "டோ ஹ்லா, இது உங்க பாத்திரம்"னு மேஜைல வெச்சிட்டு திரும்பிட்டாங்க.

அவங்க போனப்புறம் சின்னம்மா தூக்க தொறந்து பாத்தாங்க. அந்த வீட்ல இருந்து பாத்திரம் வெறுசா திரும்பி வந்ததே இல்ல, ஒன்னும் இல்லன்னாலும் ரெண்டு பேரீச்சம்பழம், ஒரு கை சீனியாவது கெடக்கும். தேச்சு கழுவி தொடைச்சிருந்துச்சு, உள்ள ஒன்னும் இல்ல.